சோம்பலுக்கு மாத்திரை

1929 ஆவணியில் இலங்கையில் கலவான பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சரோடு பழக்கமானேன். ஒல்லியான மனிதர். யார் வந்தாலும் முதலில் பெயரைச் சொல்லச்சொல்லி, குரலைக் கூர்ந்து கேட்பார்.

நோயில்லை, சோம்பல்தான் என்று அவர் எழுதித் தந்தால் வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடலாமென்று, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியைக் கங்காணி அழைத்துவந்தார். அவள் முகம் ஊதியிருந்தது, குரல் கரகரத்தது, வெயிலிலும் கம்பளி போர்த்தியிருந்தாள்.

"இது சோம்பல் இல்ல கங்காணி. கழுத்துச் சுரப்பி வேல செய்யல" என்று ஆட்டுச் சுரப்பியில் செய்த மாத்திரை கொடுத்தார்.

ஐப்பசியில் கொழுந்து மலைக்கு முதல் ஆளாகப் போனவள் அவள்தான். கங்காணி ஓடிவந்தார்.

"ஐயா, அந்த மாத்திரைய எங்க ஆளுக எல்லாருக்கும் குடுங்க."

"அவங்களுக்கு என்ன?"

"சோம்பல்தாங்க."

டிஸ்பென்சர் கங்காணியின் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"உங்களுக்குக் கழுத்து வரைக்கும் ஒரு கொறையும் இல்ல."

கங்காணி நிம்மதியாகப் போனார். டிஸ்பென்சர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவே இல்லை.