சல்லடையில் தங்காத மூவால்கள்

ஆம், நான்தான் செய்தேன். தேன்மொழி அள்ளி வந்த சேற்றை வேண்டுமென்றே கெடுத்தேன். கை தவறிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை...

எங்கள் வேலை உனக்குப் புதிதாக இருக்கலாம். சிகாமட் ஊரில் ஒரு சிறிய நீர்ப் பரிசோதனைக்கூடம். நீர்த்தேக்கத்தின் அடிச்சேற்றை அள்ளி வந்து, சல்லடையில் அலசி, அதில் வாழும் பூச்சி புழுக்களை எண்ணுவோம். மூன்று வால் உள்ள ஒரு பூச்சிக்கு நாங்கள் வைத்த பெயர் மூவால். அது இருந்தால் அடிநீர் நலமாக இருக்கிறது. சிவப்புப் புழு மட்டுமே நெளிந்தால் அடி அழுகுகிறது என்று பொருள்.

தேன்மொழியை அங்கே சேர்த்துவிட்டவளே நான்தான். பக்கத்து ஊரான பெக்கோக்கிலிருந்து வந்த பெண். சல்லடை பிடிக்கவும் நானே கற்றுக்கொடுத்தேன். ஆனால் நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதை, கொஞ்ச நாளிலேயே அவள் வெறுங்கண்ணால் பொறுக்கி எடுத்தாள். “தேனு கண்ணுல எதுவும் தப்பாது லா,” என்பார் கூடத்தை நடத்தும் மேடம், என்னை வைத்துக்கொண்டே. எனக்கு வயிறு எரியும். ஊரார் கண் படும் என்பார்களே... அவள் கண்மீது பட்டது என் கண்!

இருவருமே ஒப்பந்த வேலையில் இருந்தோம். நிரந்தர வேலைக்கு ஒரே இடம்தான் வந்தது. அந்தச் சமயம் பார்த்து, பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நீர்த்தேக்க மூலையில் மூவால் திரும்பிவிட்டது என்றாள் தேன்மொழி. பல வருடமாகச் சிவப்புப் புழு மட்டுமே கிடைத்த மூலை அது. மேடம் நம்பவில்லை. “இன்னொரு தடவ எடுத்துப் பாப்போம். சரியா இருந்தா அந்த இடம் உனக்குத்தான்,” என்றார்.

மறுபடியும் சேறு எடுத்து வந்தாள். அலசுவதற்குள் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது.

“அக்கா, கொஞ்சம் அலசி வச்சிடுறீங்களா? மெதுவா, அக்கா.”

மெதுவாக! அதைச் சொல்லிக்கொடுத்தவளிடமே சொன்னாள். சல்லடையைத் தொட்டி நீரில் அமிழ்த்தி, அரிசி களைவதுபோல் ஆட்ட வேண்டும். நான் குழாயை முழுதாகத் திறந்து பீய்ச்சினேன். மூவால்கள் பிய்ந்து சல்லடைத் துளை வழியே போயின. போகாதவற்றை விரலால் தள்ளிவிட்டேன். சிவப்புப் புழுக்களை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தேன்... எவ்வளவு பொறுப்பு பார் எனக்கு!

மறுநாள் தேன்மொழி, எண்ணும் வெள்ளைத் தட்டின்மேல் குனிந்து மூவாலைத் திரும்பத் திரும்பத் தேடினாள்.

“மெதுவாத்தானே அலசுனீங்க, அக்கா?”

“ஆமா லா. என்னைத் தெரியாதா உனக்கு?”

“அப்ப நான்தான் மொதல்ல தப்பா பாத்திருக்கேன்,” என்றாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பூச்சியையும் என்னிடம் காட்டிக் கேட்டே எண்ணினாள். அந்தக் கண்ணை அவளே நம்பாமல் போனாள். இடம் எனக்குக் கிடைத்தது. அவள் தொலைவில் பாசிர் கூடாங் நகரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். இப்போது ஷிப்ட் வேலை.

அடுத்த முறை அந்த மூலைச் சேற்றை நானே அலசினேன், மெதுவாக. மூவால்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. “இப்பதான் திரும்பியிருக்கு. நல்ல கண்ணு உங்களுக்கு,” என்றார் மேடம். நான் தலையாட்டினேன்.

சொல்லியிருக்கலாமே என்கிறாயா? சொல்ல வாய்ப்பு வந்தது. தீபாவளிக்கு ஊர் வந்தவள் முறுக்கோடு என் வீட்டுக்கும் வந்தாள்.

“அக்கா, அந்த மூலையில மூவால் வந்துருச்சாமே? மேடம் சொன்னாங்க. எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா!”

“ஆமா... இப்பதான் வந்துச்சு,” என்றேன்.

தனக்கு ஒன்றுமே தராத ஒரு நீர்த்தேக்கம் பிழைத்ததற்காக அவள் முகமெல்லாம் சிரித்தாள். என்னால் அப்படிச் சிரிக்க முடியாது. அந்தச் சிரிப்பைப் பார்த்தும் எனக்கு வயிறுதான் எரிந்தது.