வௌவாலின் கோட்டு நுனி

கறுப்புக் கோட்டும் இருட்டில் தடுமாறாத நடையுமாகத் திரிவதால், குகையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் என் மனைவி வௌவால்தான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுவது அவள் வேலை. கடைசிக் கூடத்து மூலையில் சுவிட்ச் பலகையோடு உட்கார்ந்திருப்பது என் வேலை. இருட்டு என்றால் என்னவென்று காட்ட, கைப்பிடிக் கம்பியை அவள் ஒரு தட்டுத் தட்டுவாள். விளக்குகளை அணைப்பேன். இரண்டு தட்டு தட்டினால் போடுவேன். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

கூடத்துச் சுவரில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. பள்ளிக்கூட வயதில் தன்னந்தனியாக இந்தக் கூடத்தைக் கண்டுபிடித்து, டார்ச் அணைந்த பிறகும் சுவரைத் தடவியே வெளியே வந்த வீராங்கனையாம். தினமும் இதை என் மனைவி தன் வாயாலேயே சொல்லித் தொலைக்க வேண்டும்.

உண்மையில் உள்ளே போனவர்கள் இரண்டு பேர். டார்ச் அணைந்ததும் வீராங்கனை உட்கார்ந்து அழுதாள். வழி தேடிக் கூட்டி வந்தவள் என் மனைவி. வீடு திரும்பியதும் இவளை அப்பா பின்னியெடுத்து அறையில் போட்டுப் பூட்டினார். பத்திரிகைக்காரர்கள் வந்தபோது, இவளுடைய தோழியான அந்த வீராங்கனை, "நான் மட்டும்தான் போனேன்" என்றாள். பிறகு இவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. பொறாமை என்றார்கள், பெற்ற அம்மா உட்பட. அந்த ஒரு சொல்லை இவள் இன்னும் மறக்கவில்லை, எனக்கும் அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் அந்தத் தோழி மகளோடு குகையைப் பார்க்க வந்தாள். முதல் நாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகள் முகம் கழுவப் போனபோது என் மனைவி நேராகவே கேட்டாள்.

"நாளைக்கு அந்தப் படத்துக்கு முன்னாடி உன் பொண்ணுகிட்ட நடந்ததைச் சொல்லிடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எதுக்குடி இப்போ? அவ அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவ. விட்டுத் தள்ளு."

டீயை அவள் தலையில் ஊற்றலாம் போல இருந்தது. சர்க்கரை போதுமா என்று கேட்டு வைத்தேன்.

அவர்கள் போனதும் என் மனைவி சொன்னாள்: "நாளைக்கு ரெண்டு தட்டு கேக்குற வரைக்கும் விளக்கைப் போடாதீங்க. யார் கத்தினாலும் சரி."

மறுநாள் கூட்டத்தின் முன்னால் கதையை ஒரு சொல் குறையாமல் சொன்னாள். பிறகு, "அந்த வீராங்கனையே இன்னைக்கு நம்மகூட வந்திருக்காங்க. விளக்கு அணைஞ்சதும் அன்னைக்கு மாதிரியே சுவரைத் தடவி வெளிய போய்க் காட்டுவாங்க" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். மகள்தான் பலமாகத் தட்டினாள்.

ஒரு தட்டு. அணைத்தேன்.

கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். இரண்டு அடி வைக்கும் சத்தம் கேட்டது, நின்றது.

"விளக்கைப் போடச் சொல்லுடி."

கம்பி பேசவில்லை.

"போங்கம்மா, உங்களுக்கு வழி தெரியுமே" என்றாள் மகள்.

மூச்சு இரைத்தது, பிறகு விசும்பல். பாவமாகத்தான் இருந்தது. பொறாமை என்ற அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டேன். பாவம் போய்விட்டது.

இரண்டு தட்டு.

தோழி தரையில் குந்தியிருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. இரண்டு கைகளும் என் மனைவியின் கோட்டு நுனியைப் பற்றியிருந்தன. மகள் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

என் மனைவி கூட்டத்தைப் பார்த்து, தினமும் பேசும் அதே குரலில் சொன்னாள்:

"அன்னைக்கும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. அன்னைக்கு அது என் பள்ளிக்கூடச் சட்டை. வாங்க, போகலாம். படி வழுக்கும்."