மடியை விட்டு இறங்காத பை

விமானத்தில் பணிப்பெண்ணாக இருக்கும் நேமத்தான்பட்டி அகல்யாவுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. குன்றக்குடி உதயகுமாரோடு நிச்சயம் ஆனபோது, ஊரில் எல்லாருக்கும் அதில் சந்தோஷம். அவளுக்கும்தான்.

உதயகுமாரின் அத்தை சின்னத்தாயி சிங்கப்பூரில் மகனோடு இருந்தாள். அங்கேயே கல்யாணத் தாலியைச் செய்து எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குக் கிளம்பிய விமானத்தில் அன்று அகல்யாவுக்கு வேலை. தாலியைத் தரையில் வைக்கலாகாது என்று கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள் சின்னத்தாயி. விமானம் இறங்கும் நேரம் அதை இருக்கைக்கு அடியில் தள்ளச் சொல்ல வேண்டும். அகல்யா சொன்னாள்; அத்தை முறைக்கவும், வரப்போகிற சொந்தம் என்று விட்டுவிட்டாள். அன்று அகல்யா செய்த தப்பு அது ஒன்றுதான்.

மழையில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சறுக்கித் தீப்பிடித்தது. பையின் வார் இருக்கையில் சிக்கிக்கொள்ள, சின்னத்தாயி வழியை மறித்துக்கொண்டு இழுத்தாள். முன்பு எரிந்த விமானங்களில் பைக்காக நின்றவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களே செத்தார்கள் என்று அகல்யாவுக்குப் பயிற்சியில் காட்டியிருந்தார்கள். பையைப் பிடுங்கி எறிந்தாள். முதுகில் முழங்காலைக் கொடுத்து அத்தையை அவசர வாசலில் விரிந்திருந்த சறுக்கில் தள்ளினாள். பின்னால் நின்ற பயணி, கண்டரமாணிக்கத்துச் செம்மலை, அதற்குள் புகையில் விழுந்திருந்தான். அவனை இழுக்க முடியவில்லை.

அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சின்னத்தாயி கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டாள்.

"கட்டப்போற தாலியவே தூக்கி எறிஞ்சவ. நாளைக்கி என் தம்பி மகன எறிய எம்புட்டு நேரமாகும்?"

"நீங்க நகராம நின்னதுல ஒருத்தர் செத்துப்போனாரு, பெரியம்மா."

"அது அவன் விதி. என் கால ஒடிச்சது நீயில்ல?"

உதயகுமாரின் அப்பா சேவுகன் கையமர்த்தினார். "கால்ல விழுந்து, செஞ்சது தப்புன்னு சொல்லிரு தாயி. மேக்கொண்டு ஆக வேண்டியதப் பாப்போம்."

அகல்யா உதயகுமாரைப் பார்த்தாள். அவன் சொல்லிவிடு என்பதுபோலத் தலையசைத்தான். அவள் விழுந்தாள்.

"தப்புத்தான் பெரியம்மா."

சேவுகன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கேட்டுக்கிட்டீகளா? பிள்ள வாயாலயே ஒத்துக்கிருச்சு. நிச்சயத்த நாங்க காரணமில்லாம முறிச்சோம்னு இனி ஒருத்தரும் சொல்லப்பிடாது."

உதயகுமார் நிமிரவில்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

கார்வரைக்கும் சின்னத்தாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஆள் வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவள் அகல்யாதான். ஏறி உட்கார்ந்ததும் சின்னத்தாயி கேட்டாள்: "தொலஞ்ச நகைக்கு உங்க கம்பெனி ஏதோ குடுக்குதாம்ல. எங்குட்டு எழுதிப் போடணும்?"

அகல்யா விலாசத்தைச் சொன்னாள். சின்னத்தாயிக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து, மறுபடி சொன்னாள்.