பனிக்குப் போட்ட நீலம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எந்த இடத்தில் ‘ர’ வரும், எந்த இடத்தில் ‘ற’ வரும் என்பதில் இன்றும் எனக்குத் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருக்கலாம், ஆனால் நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. கமெரா தூக்கியதும் அதனால்தான். இங்கே டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், எங்கள் தமிழ் ஆட்களின் பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடு, பிறந்தநாள், கலியாணம் என்று எங்கே போனாலும் கமெரா என் முகத்தை மறைத்துக்கொள்ளும். படம் எடுக்கிறவனிடம் யாரும் கதை கேட்பதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு டேனிஷ் முதியவர் இருக்கிறார். அவருடைய வளவில் உயரமான ஊசியிலை மரம் ஒன்று நிற்கிறது. குளிர்காலம் முழுவதும் பகலில் ஆந்தைகள் வந்து அதில் தூங்கும். தலையில் காது போல இரண்டு இறகு நிமிர்ந்திருக்கும் சாதி. அவருடைய மனைவி ஒவ்வொரு காலையும் சமையலறை யன்னலில் நின்று அவற்றை எண்ணுவார். பிறகு அந்த அம்மாவுக்கு மறதி நோய் முற்றி, போன இலையுதிர் காலத்தில் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

மார்கழியில் ஒரு நாள் முதியவர் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். அவர் டேனிஷில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“ஒவ்வொரு பின்னேரமும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலிலை போய் நிக்கிறா. வீட்டை போகவேணுமாம். ஆந்தையளை ஆர் பாக்கிறது எண்டு கேக்கிறா. நீர் ஒரு படம் எடுத்துத் தாருமன், பெரிசா. கட்டிலுக்கு நேரை கொழுவிவிட்டால் அங்கை இருப்பா எண்டு நினைக்கிறன்.”

“ஓம்” என்றேன். இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது.

“பனியோடை வேணும். பனி இல்லாட்டி மரமும் மண்ணிறம், ஆந்தையும் மண்ணிறம். அவவுக்குப் பிடிபடாது.”

வீட்டில் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் எங்கள் மகள் அப்போது நிறைமாதம்.

“பிள்ளை வயித்தோடை இருக்கிற நேரத்திலை ஆந்தையின்ரை படமோ? உங்களுக்கு ஒரு மயில், கிளி அகப்படேல்லையே?”

“டென்மார்க்கிலை மயிலுக்கு நான் எங்கை போறது?”

“அப்ப வாத்தை எடுங்கோ.”

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பனி வரவில்லை. மழை, காற்று, திரும்பவும் மழை. தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போதும் கண் யன்னலில்தான். முதியவர் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் மாலையில் அவருடைய கார் இல்லத்திலிருந்து திரும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா இன்றும் வாசலில் நின்றிருப்பார் என்று நினைப்பேன். தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பனி கொட்டத் தொடங்கியது. அன்று எனக்குப் பின்னேர வேலை. வீட்டுக்கு வந்தும் நித்திரை இல்லை. மறுநாள் மத்தியானம் மழை என்று வானிலையில் சொன்னார்கள்.

விடிந்தும் விடியாமலும் முதியவரின் வளவுக்குள் போய் நின்றேன். வானம் தெளிவாக இருந்தது. வெயில் எழும்பிய பிறகும் மரம் வீட்டு நிழலுக்குள்தான் இருந்தது. ஆந்தைகள் கிளைகளோடு ஒட்டிக்கொண்டு, முதுகில் பனியோடு, அசையாமல் இருந்தன. நான் மூச்சை விடவும் பயந்தேன். ஒன்று மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. செம்மஞ்சள் கண். அந்தப் பார்வை எனக்குக் கிடைத்துவிட்டது. விரல் மரத்துப்போகும்வரை எடுத்தேன். மழை சொன்னபடியே வந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போனது.

கணினியில் போட்டுப் பார்த்தபோது பனி சாம்பலாகத் தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டினேன். பளிச்சென்று வந்தது. இதைவிடச் சுத்தமான வெள்ளை இல்லை என்று தோன்றியது. ஹேர்னிங்கில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து, சட்டமும் போட்டுக் கொண்டுபோனேன்.

முதியவரும் நானும் இல்லத்துக்குப் போய்க் கட்டிலுக்கு எதிரே கொழுவினோம். நடுப்பகல். அந்த அம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் யன்னல் திரையை இழுத்து மூடினார்.

“இரவாப்போச்சு” என்றார். “எனக்கு வீட்டை போகவேணும்.”

கோட்டை எடுக்கப் போனார். முதியவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “படம் நல்ல வடிவு” என்றார். படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பின் கொட்டிலில் வைத்தேன்.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பாட்டில் இருந்து எழும்பிக் கணினிக்குப் போவேன், கணினியில் இருந்து எழும்பி யன்னலுக்குப் போவேன். வெளியே பனியும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. படத்தில் என்ன பிழை என்று எனக்கு விளங்கவேயில்லை. கணினியில் நிறத்தை மாற்றும் கோடு ஒன்று உண்டு; ஒரு முனை நீலம், மறுமுனை மஞ்சள். மஞ்சள் பக்கம் தள்ளினேன். கலியாணப் படங்களில் நகையும் குங்குமமும் எடுப்பாகத் தெரிய அப்படித்தான் தள்ளுவது வழக்கம். இப்போது ஆந்தை மணவறையில் இருப்பது போல இருந்தது. திரும்பவும் பழையபடி விட்டேன்.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஆந்தையைப் பார்க்கமாட்டேன் என்று சொன்னவர், பார்த்தார்.

“என்னப்பா இது, பனிக்கும் நீலம் போட்டிட்டியளோ?”

“நீலமோ? நல்ல வெள்ளையெல்லோ.”

“பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடுற வெள்ளை. குருவி செத்துக் கிடக்கிறமாதிரி இருக்கு. கண்ணைப் பாருங்கோ.”

பார்த்தேன். அந்தச் செம்மஞ்சள் கண் சேற்று நிறத்தில் கிடந்தது. நாங்கள் வெள்ளை உடுப்பைத் தோய்த்துக் கடைசித் தண்ணீரில் நீலம் கரைத்துத்தான் அலசி எடுப்போம். நீலம் ஓடிய வெள்ளைதான் எங்களுக்குச் சலவை வெள்ளை. நிழலில் கிடந்த பனியில் வானத்தின் நீலம் படிந்திருந்தது. என் கண்ணுக்கு அது அழுக்குப் போன வெள்ளையாகப் பட்டுவிட்டது. அந்த அம்மாவுக்கோ அது இரவு.

“எப்பிடி எடுக்கிறது இந்த நீலத்தை?” என்று மனைவியைக் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? நான் வாத்து எடுக்கச் சொன்னனான்.”

என் கண்ணை நம்புவதை விட்டேன். படத்தின் ஓரத்தில், பனி வழுக்கி விழுந்த இடத்தில், முதியவரின் கொட்டில் கூரை கொஞ்சம் தெரிந்தது. தினமும் பார்க்கிற கூரை. நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை, வெறும் சாம்பல். நிறம் எடுக்கத் திரையில் இருக்கும் சின்னக் குழாய்க் குறியை அதில் வைத்து, இதுதான் சாம்பல் என்று கணினிக்குக் காட்டினேன். ஒரே அமுக்கில் நீலம் வடிந்து போனது. ஆந்தையின் நெஞ்சில் மண்ணிறம் வந்தது. பட்டையில் ஒட்டியிருந்த பாசி பச்சையாக வந்தது. கண் பற்றிக்கொண்டது. மரத்தடியில் மட்டும் நீலத்தைக் கொஞ்சம் விட்டுவைத்தேன். அது உண்மையிலேயே காலை நிழல். பனி எனக்குக் கொஞ்சம் அழுக்காகத்தான் தெரிந்தது. அப்படியே விட்டேன்.

இரண்டாவது தடவையும் அச்சடித்துக் கொண்டுபோய் அதே ஆணியில் கொழுவினேன். முதியவர் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார், தன் மனைவியைப் பார்க்கவில்லை. அந்த அம்மா கதிரையில் இருந்தார். எனக்குப் பின்னால் அறைக்கதவு திறந்திருந்தது. வெளியே சாப்பாட்டு வண்டி சத்தத்தோடு போனது. அம்மா படத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் எனக்குக் கையைக் காட்டினார்.

“கதவைச் சாத்தும். மெல்ல. பறந்திடும்.”

மெல்லச் சாத்தினேன். அவர் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். பாதியில் எண்ணிக்கை தவறி, முதலில் இருந்து தொடங்கினார். முதியவர் சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைச் சீறினார்.

அடுத்த நாள் வேலியில் முதியவரிடம் கேட்டேன், அந்த அம்மா வீட்டுக்குப் போக நின்றாரா என்று.

“கோட்டைப் போட்டவதான்” என்றார் முதியவர். “வாசலுக்குப் போகேல்லை. கோட்டோடை கதிரையை இழுத்துப் போட்டு, படத்துக்கு முன்னாலை இருந்தவ.”

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து சுகமாக இருக்கிறது. மனைவி ஆந்தையைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. எங்கள் கொட்டிலில் இருந்த நீலப் படத்தை மட்டும் யாரோ சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மரத்தில் இப்போது ஆந்தைகள் இல்லை. வசந்தம் வரக் காட்டுக்குப் போய்விட்டன. தெரிந்திருந்தும், இதை எழுதும்போது எத்தனையோ தடவை எழும்பிப்போய் யன்னலில் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை.