ஜெஸியின் குழியில் வெள்ளைக் கல்

கொட்டாரம் பக்கத்துக் குன்றொன்றில் முகப்பவுடருக்கான மாக்கல் தேடி, நானும் ஜெஸியும் ஆளுக்கொரு குழி வெட்டி மாதிரி எடுத்தோம். எனக்கு வந்தது அழுக்குச் சாம்பல் நிறக் கல். அவளுக்கோ பால் வெள்ளை. நகம் பட்டாலே மாவாக உதிர்ந்தது. வயிறு எரிந்தது. கல்லூரியிலிருந்தே எல்லாம் அவளுக்குத்தான் வாய்க்கும்.

குறை ஏதாவது சிக்காதா என்று அவள் கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிக்கியது. உள்ளே ஊசி ஊசியாய்க் கல்நார். நுரையீரலைக் கெடுக்கும், பவுடருக்கு ஆகவே ஆகாது. சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு லென்ஸை அவளிடம் நீட்டினேன்.

பார்த்தவள், உடனே என் கல்லை எடுத்துப் பார்த்தாள். "ஏட்டி, உனக்க கல்லுல நாரே இல்லட்டி! அரைச்சா வெளுத்திரும்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

ஜெயித்தது நான்தான். ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அடுத்தவளுக்காக அப்படிக் குதிக்க எனக்கு வராது.