கருவாடு சுற்றிவந்த வரைபடம்

எங்கள் தோட்டத்தில் காப்பி விளைந்த காலத்தில் தாய்மாமாவுக்கு மாணிக்கப் பைத்தியம் பிடித்தது. காரணம், பங்களாச் சமையற்காரர் கொடுத்த கருவாடு. அதைச் சுற்றியிருந்தது துரை வேண்டாமென்று எறிந்த பழைய வரைபடம். பச்சை பூசிய பெருங்காடு, சுருள் சுருளாக மலைகள், காட்டு நடுவே ஒரு வட்டம், பக்கத்தில் வரைந்த ஒரு மண்வெட்டி. கருவாட்டை அம்மா வைத்துக்கொண்டாள். அதன் நாற்றத்தைப் படத்தோடு சேர்த்து மாமா மடியில் பத்திரப்படுத்தினார்.

“மாணிக்கக் குழி, அக்கா! இந்தா ரெட்டப் பாறை, இந்தா ஆறு. காட்டுக்குள்ள பூந்தா குழிதான்.”

அப்பா கங்காணி. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது வரிசையில் நிற்காதவன் மச்சினனே ஆனாலும் பேரை வெட்டிவிடுவார். பேர் போனால் குடியிருக்கும் லயத்து அறையும் போகும். அம்மா அழுதாள். “வெட்டட்டும். இங்க காட்ட வெட்டித் தோட்டமாக்குனவனே நான்தான். இனி தோட்டத்தையே வாங்குறேன்” என்றார் மாமா.

சின்னப் பெண்ணின் கை பட்டால் கல் தானாக மேலே வருமாம். அதனால் விடியுமுன் என்னையும் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வத்தேகமப் பாதையில் இறங்கி மலையைச் சுற்றி ஓடும் ஆற்றோடு நடந்தோம். போகிற வழியெல்லாம் காப்பிச் செடி. “காடு இன்னும் கொஞ்சம் தள்ளி” என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். பொழுது சாயும் நேரத்தில் இரட்டைப் பாறை தெரிந்தது. மாமா கூவிக்கொண்டு ஏறினார். என்னைப் பாறைமேல் உட்காரவைத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடியே மறுபக்கம் இறங்கியவர் இடுப்பளவு குழிக்குள் போனார். மாணிக்கம் இல்லை, அழுகிய காப்பித் தோல். எங்கள் தோட்டத்துத் தோல் குழியேதான்! லயத்திலிருந்து பார்த்தால் அது ஒற்றைப் பாறை; பின்பக்கமிருந்து அவர் அதை அதுவரை பார்த்ததே இல்லை.

லயமே கூடிவிட்டது. அப்பா மண்வெட்டிக் காம்பை நீட்டி அவரை இழுத்துவிட்டு, படத்தை வாங்கிப் பார்த்தார்.

“படம் சரிதான் மாப்ள. பாறை இருக்கு, ஆறு இருக்கு. எவனோ எப்பவோ தோண்டிட்டுப் போன குழியும் இருக்கு. காட்டத்தான் காணோம். இந்த நாத்தத்தோட ஒன்னயக் கணக்குப்புள்ளகிட்ட கூட்டிட்டுப் போயி எப்புடிப் பேர வெட்டுறது? போயிக் குளி.”

அம்மாவுக்கு உயிர் வந்தது. நான் கேட்டேன்: “காடு எங்க மாமா போச்சு?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. சேறு வழியும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்றம் தாங்கவில்லை போலும் என்று நினைத்து, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.