மழையில் கசிந்த மெக்னீசியம்

திருப்பதியில் நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது, ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் நாகலாபுரத்து அக்கா. கம்ப்யூட்டர் வேலை கிடைத்து அவர் கணவர் அமெரிக்கா போயிருந்தார். அக்காவுக்கும் விசா வந்து, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனால், கோடையில் கிடைத்த ஒரு முடிவை மறுபடி செய்து காட்டினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்றார் பேராசிரியர்.

பாக்டீரியாவுக்குள் புரதத்தைக் கட்டும் இடம் ரைபோசோம். அதற்கு வேண்டிய அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு அதில் வந்து உட்கார வேண்டும். இரண்டையும் கலந்து மெல்லிய வடிதாளில் ஊற்றுவோம். ரைபோசோம் தாளில் ஒட்டிக்கொள்ளும். அதில் உட்கார்ந்த டி.ஆர்.என்.ஏ.வும் கூடவே தங்கும். உட்காராதது கீழே வழிந்துவிடும். கதிரியக்க அடையாளம் இட்டிருப்பதால், தங்கியது எவ்வளவு என்று கருவி எண்ணாகக் காட்டும்.

ஐப்பசி மழையில் அந்த எண் எழும்பவே இல்லை. பாக்டீரியாவிலிருந்து ரைபோசோமைப் புதிதாகப் பிரித்தெடுத்தோம், வடிதாளை மாற்றினோம். பயனில்லை.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லிடட்டுமாடா?" என்றார் அக்கா.

மறுநாள் மதியம் அவர் கொண்டுவந்த கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு போதவில்லை.

"இன்னாக்கா, அமெரிக்கா போறதுக்கு முன்னாடியே உப்ப வுட்டுட்டியா?"

"பேசாம துன்னு. எப்பவும் போடற அளவுதான் போட்டேன். மழைக்கு டப்பாவுல உப்பு தண்ணி வுட்டுக்கினு கீது, நான் இன்னா பண்ண?"

சொன்னவர் சோற்றுக் கையோடு ரசாயனப் புட்டிகள் இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் கரைசல்களில் சேர்க்கும் மெக்னீசியம் குளோரைடும் ஈரத்தை உறிஞ்சும் உப்புதான். மெக்னீசியம் குறைந்தால் ரைபோசோமின் இரு பாதிகளும் பிரிந்துபோகும், டி.ஆர்.என்.ஏ. உட்கார இடமிராது. பழைய புட்டி தீராமல் புதியதைத் திறப்பது எங்கள் ஆய்வகத்தில் வழக்கமில்லை. அந்தப் பழைய புட்டியைச் சாய்த்தேன். உள்ளே கூழ் போல அசைந்தது. அவ்வளவு கவனமாக நாங்கள் எடை போட்டதில் கணிசமான பங்கு தண்ணீர்.

புதுப் புட்டியைத் திறந்து, வடிதாளைக் கழுவும் கரைசல் உட்பட எல்லாவற்றையும் திரும்பத் தயாரித்தோம். சாயங்காலம் எண்கள் ஏறின. ரைபோசோம் சேர்க்காத கலவையில் ஏறவில்லை. ஏறியது ரைபோசோமில் உட்கார்ந்ததுதான் என்று அதையும் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டார். "இங்க வெள்ளம்மா", இனிப் போய் வாம்மா என்று தெலுங்கில் வழியனுப்பினார்.

மழையில் நனைந்தபடி அக்கா டெலிபோன் பூத்துக்கு ஓடினார். வெளியே நின்ற எனக்கும் அவர் குரல் கேட்டது.

"டிக்கெட் அப்பிடியே இருக்கட்டும். வந்துக்கினே கீறேன்."